உப்புக்காற்றும் போர்த் தண்ணீரும் உள்ள ஊரில் காரின் பளபளப்பை வீட்டிலேயே காப்பது எப்படி?

முத்துநகர்வாசி:
வணக்கம். தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன். அடர்நீல நிறக் கார் வாங்கி ஓராண்டு ஆகிறது. வீட்டில் போர்ட்டிகோ இல்லாததால் வண்டி வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. போர்த் தண்ணீரில் கழுவிய பிறகு பானட்டிலும் கூரையிலும் வெள்ளை வட்டங்கள் படிகின்றன, துடைத்தாலும் போவதில்லை. வெயிலில் சாய்வாகப் பார்த்தால் வட்டவட்டமான மெல்லிய கீறல்களும் தெரிகின்றன. பெயிண்டின் மேல் பூசி இறுக விடும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங்கை வீட்டிலேயே நானே போட்டுக்கொள்ள முடியுமா? கூரைக்கு மட்டும் பளபளப்பான கறுப்பு வினைல் (பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள்) ஒட்ட வேண்டும் என்று மகளும் விரும்புகிறாள். எதை முதலில் செய்வது?

மைக்ரான் கணக்கு:
ஐயா, கோட்டிங்கைப் பற்றி யோசிக்கும் முன் கழுவும் முறையை மாற்றுங்கள். நீங்கள் பார்க்கும் கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவையாகத்தான் இருக்கும். நிறத்தின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. உங்கள் ஊரில் ஆனி, ஆடிக் காற்று கொண்டுவந்து படிய வைக்கும் புழுதியை உலர்ந்த துணியால் தட்டித் துடைத்தால், அந்த மணல் துகள்களைக் கொண்டே வண்டியைத் தேய்ப்பதாக ஆகிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்குங்கள். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர் என வைத்துக்கொண்டு, துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பின்னரே ஷாம்பு வாளியில் முக்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகுப் பூச்சை அரித்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

வெள்ளை வட்டங்கள் போர்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் விட்டுச் செல்லும் உப்புகள். வெள்ளை வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, நிழலில், பானட் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, நனைத்த மைக்ரோஃபைபர் துணியை ஒரு நிமிடம் அதன் மேல் விரித்து வைத்தால் புதிய படிவுகள் கரைந்துவிடும். உடனே நன்றாக அலச வேண்டும். அதற்கும் போகவில்லையென்றால் உப்பு கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் வழி. இனிமேல் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள்.

நிழல்தேடி:
செராமிக் கோட்டிங்கை வீட்டில் போட முடியும். ஆனால் உழைப்பில் பெரும்பங்கு முன்தயாரிப்பில்தான் இருக்கிறது. கழுவி உலர்த்திய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலில் நன்றாகத் தெரியும். அழுக்கைப் பிடித்திழுக்கும் களிமண் போன்ற கட்டியான க்ளே பாரை வழுக்கும் திரவத்துடன் மெதுவாக ஓட்டி அதை அகற்றி, பாலிஷ் செய்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பசையைத் துடைத்த பின்னரே கோட்டிங் போட வேண்டும். கீறலின் மேல் போட்டால் அந்தக் கீறலும் கோட்டிங்குக்கு அடியிலேயே தங்கிவிடும்.

இரண்டடிக்கு இரண்டடி எனச் சிறிய பகுதியாகப் பூசுங்கள். பூசிய இடத்தில் வானவில் நிறத்தில் படலம் தோன்றும். அதுதான் துடைக்க வேண்டிய தருணம். கடற்கரை ஈரப்பதத்தில் அது குப்பியில் எழுதியிருக்கும் நேரத்திலிருந்து மாறக்கூடும் என்பதால் கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். தாமதித்தால் கோட்டிங் திட்டாக இறுகிவிடும், பிறகு மீண்டும் பாலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படக் கூடாது. ஆகவே மரத்தடியில் அல்ல, மூடிய இடம் ஒன்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். 9எச் என்று விளம்பரப்படுத்துவது பென்சில் கடினச் சோதனையின் அளவு மட்டுமே. சில மைக்ரான் தடிமனுக்குள் அடங்கும் இந்தப் படலம் சிறுகல் தெறிப்பைத் தடுக்காது. அதற்கு 150 மைக்ரானுக்கு மேற்பட்ட பி.பி.எஃப். என்னும் பெயிண்ட் பாதுகாப்புப் படலத்தை ஒட்ட வேண்டும்.

பழைய மெழுகு:
வெளியில் நிற்கும் வண்டிக்கு நான் கார்னாபா மெழுகையே பரிந்துரைப்பேன். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் இந்த மெழுகு நம் வெயிலில் சில வாரங்களே தாங்கும் என்பது உண்மை; ஆனால் தவறாகப் பூசினாலும் துடைத்து எடுத்துவிடலாம் என்பதால் முதன்முறை செய்பவருக்கு அச்சமில்லை. எதைப் பூசினாலும் பறவை எச்சத்தை அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். அதன் அமிலம் ஒருபுறம் அரிக்க, வெயிலில் இளகிய கிளியர் கோட் மாலையில் சுருங்கும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகி, அதன் வடிவம் அப்படியே பதிந்துவிடும். மரத்தடி என்பதால் இதுதான் உங்களுக்கு அன்றாட ஆபத்து.

முத்துநகர்வாசி:
மிக்க நன்றி. கூரை வினைலைக் கோட்டிங் முடித்த பிறகு ஒட்டலாமா?

ஸ்டிக்கர் பட்டறை:
கூடாது ஐயா. எதுவும் ஒட்டாமல் வழுக்கச் செய்வதுதான் கோட்டிங்கின் வேலை. அதன் மேல் வினைல் பிடிக்காமல் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். வண்டி முழுவதையும் பாலிஷ் செய்து, கூரைக்கு வினைல் ஒட்டி, மற்ற பகுதிகளுக்கு மட்டும் கோட்டிங் போடுங்கள். வினைலில் உருளைகளால் அழுத்தித் தட்டையாக்கிய காலண்டர்டு வகை மலிவானது, ஆனால் வெயிலில் சுருங்கும். திரவமாக ஊற்றி உருவாக்கும் காஸ்ட் வகையே வளைவுகளுக்கு ஏற்றது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜி என்னும் தட்டையான தேய்ப்பானால் காற்றை வெளியேற்ற வேண்டும். ஓரங்களைப் பெயிண்டின் மேல் பிளேடு வைத்து வெட்டாதீர்கள்; வெட்டு தகடு வரை இறங்கினால் உங்கள் ஊர்க் காற்றில் துரு ஏற அதிக நாளாகாது. நூல் பதித்த வெட்டு டேப் கிடைக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். கூரைக்கு முன்பு ரீபெயிண்ட் செய்திருந்தால், வினைலை உரிக்கும்போது அந்தப் பெயிண்டும் சேர்ந்து வரக்கூடும். மேலும், ஆர்.சி.யில் பதிவாகியுள்ள நிறத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சிக்கலாகலாம். ஒட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.