குளோன் செய்த மூன்று சர்வர்களுக்கும் ஒரே ஐபி முகவரி வருகிறது

கேள்வி:
வணக்கம். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் வெர்ச்சுவல்பாக்ஸில், லினக்ஸ் வகையான உபுண்டு சர்வர் 22.04-ஐ ஒருமுறை நிறுவி, அதையே குளோன் செய்து மூன்று சர்வர்களாக வைத்திருக்கிறேன். நிறுவும்போது சர்வரின் பெயரைக் கேட்ட இடத்தில் ‘டெஸ்ட்’ என்று கொடுத்திருந்தேன். வலை அட்டைகளின் அடையாள எண்களான மேக் முகவரிகள் மூன்றும் வெவ்வேறாக இருந்தும், வீட்டு ரௌட்டர் மூன்றுக்கும் 192.168.1.24 என்ற ஐபி முகவரியையே தருகிறது. ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றொன்றை இயக்கினால் இணைப்பு அறுந்துவிடுகிறது. நேற்று மூன்றின் ஹோஸ்ட்நேமையும் (அதாவது நிறுவும்போது கொடுத்த அந்தப் பெயரையும்) மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. நிறுவும்போது கொடுக்கும் பெயர்தானே கணினியின் தனித்த அடையாளம்?

மறுமொழி 1:
அந்தப் பெயர் பெரும்பாலும் நம் வசதிக்கானது. லினக்ஸ் தனக்கென வைத்துக்கொள்ளும் அடையாளம், அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி (/etc) கோப்புறையில் மெஷின்-ஐடி என்ற கோப்பில் இருக்கும் 32 இலக்கப் பதினறும எண். மூன்று சர்வர்களிலும் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். உபுண்டு சர்வரில் வலையமைப்பைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, முகவரி கேட்கும்போது இந்த எண்ணிலிருந்து உருவாக்கிய அடையாளத்தையே அனுப்புவதால், மேக் முகவரி எதுவாக இருந்தாலும் ‘பழைய ஆள்தான் வந்திருக்கிறார்’ என்று ரௌட்டர் எடுத்துக்கொள்கிறது. கோப்பை அழித்துவிடாமல், உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கிவிட்டு சர்வரை மறுபடி இயக்குங்கள். புதிய எண் தானாக உருவாகும். இனிமேல் குளோன் செய்வதாக இருந்தால், மூலச் சர்வரில் இதைச் செய்து அணைத்த பிறகே படியெடுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனாலும் பெயரை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம். ஆங்கில எழுத்து, எண், இடையில் சிறுகோடு ஆகியவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். சில நிறுவிகள் அடிக்கோட்டை ஏற்றுக்கொண்டாலும் ஹோஸ்ட்நேம் விதிப்படி அது கூடாது. விண்டோஸ் கணினிகளும் அதே வலையமைப்பில் இருந்தால், விண்டோஸின் பழைய பெயர் முறையான நெட்பயாஸின் வரம்பான 15 எழுத்துகளுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. நிறுவிய பிறகு பெயரை மாற்றினால், பெயர்களையும் முகவரிகளையும் இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியிலும் மாற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு, நிர்வாகி உரிமையில் இயக்கும் சுடோ கட்டளை ஒவ்வொன்றுக்கும் ‘ஹோஸ்ட்டைக் கண்டறிய முடியவில்லை’ என்ற எச்சரிக்கையை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூன்றிலும் எண் ஒன்றாகத்தான் இருந்தது. காலியாக்கி மறுபடி இயக்கியதும் 24, 25, 26 என்று தனித்தனி முகவரிகள் வந்துவிட்டன. வேறு ஏதேனும் இப்படி ஒன்றாகவே தங்கியிருக்குமா?

மறுமொழி 1:
தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில், சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கப் பயன்படுத்தும் ஹோஸ்ட் சாவிகள் தங்கியிருக்கும். ஒரு சர்வரின் சாவி வெளியே போனால் மற்ற இரண்டின் பெயரிலும் ஏமாற்ற முடியும் என்பதால், இடிசியில் எஸ்எஸ்எச் கோப்புறையிலுள்ள ஹோஸ்ட் சாவிக் கோப்புகளை நீக்கிவிட்டு, ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர் பொதியை மறுபடி அமைவாக்கம் செய்யுங்கள். அதன்பின் உங்கள் மடிக்கணினியிலிருந்து நுழையும்போது சாவி மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கை வரும். மடிக்கணினியில், அறிந்த சர்வர்களின் சாவிகளைக் குறித்துவைக்கும் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தச் சர்வருக்குரிய பழைய வரியை நீக்கிவிட்டால் போதும்.