திரும்பி வந்த ரப்பர் பந்து

மோதலில் மொத்த உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது) மாறாது என்ற விதியைப் பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். அது எனக்கு உண்மையிலேயே பிடிபட்டது ஒரு மரக்கட்டை சாய்ந்ததைப் பார்த்த அன்றுதான்.

அதற்கு முந்தைய வாரம் ஆய்வுக்கூடத்தில் இரண்டு டிராலிகளை வைத்துச் செய்து பார்த்தோம். இரண்டும் ஒரே எடை, முனையில் களிமண். எதிரெதிராக ஒரே வேகத்தில் தள்ளிவிட்டதும் மோதிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. நான் நோட்டில் "உந்தம் அழிந்தது" என்று எழுதினேன். ஓடிக்கொண்டிருந்தவை நின்றுவிட்டன, வேறென்ன எழுதுவது? ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு டிராலியின் மேலும் அது ஓடிய திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டார். "மோதுறதுக்கு முன்னாடியே ரெண்டையும் கூட்டிப் பாரு" என்றார். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், கூட்டினால் பூச்சியம். பிறகும் பூச்சியம். குறைந்தது இயக்க ஆற்றல் மட்டும்தான், அதுவும் களிமண்ணை நசுக்குவதிலும் சூடாக்குவதிலும் போயிருந்தது. சரி என்று தலையாட்டினேன், ஆனால் திசை என்பது வெறும் கழித்தல் குறி, கணக்குக்காக வைத்துக்கொண்டது என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அவர் நெட்டுக்குத்தாக ஒரு மரக்கட்டையை நிறுத்தி, நூலில் 50 கிராம் களிமண் உருண்டை ஒன்றையும் அதே எடையில் ரப்பர் பந்து ஒன்றையும் கட்டிக் கொண்டுவந்தார். இரண்டையும் 20 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் எது கட்டையைச் சாய்க்கும் என்று கேட்டார். களிமண் என்றேன். அது கொண்டுவந்ததை எல்லாம் கட்டையிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும், ரப்பர் தன் வேகத்தைத் தானே எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் என்பது என் கணக்கு. களிமண் பொத்தென்று ஒட்டியது, கட்டை லேசாக ஆடி நின்றது. ரப்பர் பட்டதும் கட்டை பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேவிட்டது, பந்து இந்தப் பக்கம் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறியது.

அன்றைக்குப் போட்ட கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. 20 செ.மீ. இறங்கினால் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர், களிமண் முழுக்க நின்றதால் கட்டைக்குக் கொடுத்தது 50 × 2, அதாவது 100. ரப்பர் நின்றதோடு விடாமல் நொடிக்கு ஒன்றரை மீட்டரில் எதிர்த்திசையில் கிளம்பியது, ஆகவே அதன் உந்தம் மாறிய அளவு 100 + 75 = 175. பந்து திரும்பியதற்கான பங்கும் கட்டைதான் வாங்கியாக வேண்டும், வேறு யாரும் இல்லை. எதிர்த்திசையில் போனால் கழித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்த இடத்தில் கூட்ட வேண்டியிருந்தது!

பின்னாளில் தெரிந்தது, பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த்தேவே இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார். 1644இல் அவர் பருமனையும் வேகத்தையும் பெருக்கினாரே தவிர திசையைச் சேர்க்கவில்லை, அதனால் அசையாமல் நிற்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் மோதினால் பெரியது துளியும் நகராது, சிறியது அதே வேகத்தில் திரும்பிவிடும் என்று விதி எழுதினார். அவர் கணக்கில் அது சரியாகத்தான் வரும். திசையைச் சேர்த்தால் அந்தப் பெரிய பொருள் இரண்டு மடங்கு வாங்குகிறது. 1660களின் கடைசியில் ஹைகன்ஸ், வாலிஸ், ரென் என்ற அறிஞர்கள் மூவரும் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குத் தனித்தனியாக எழுதியனுப்பிய மோதல் விதிகளில் இது நேரானது.

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சிறுகோளின் பாதையை மாற்ற முடியுமா என்று பார்ப்பதற்காக, இன்னொரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்போஸ் என்ற சிறுகோளில் மோதியதை ராத்திரி கண் விழித்துப் பார்த்தேன். கலம் சுமார் 580 கிலோ, வேகம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல். கலம் திரும்பி வரவில்லை, களிமண் மாதிரி அங்கேயே சிதைந்து போனது. ஆனால் மோதிய வேகத்தில் சிறுகோளின் கல்லும் தூசியும் கலம் வந்த திசைக்கே பீய்ச்சியடித்தன, ரப்பர் பந்தின் வேலையை அவை செய்தன. டைமார்போஸ் அந்தப் பெரிய சிறுகோளை ஒருமுறை சுற்றிவரும் நேரம் 73 நொடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். 11 மணி 55 நிமிடமாக இருந்தது 32 நிமிடம் குறைந்தது.