மஞ்சக்குப்பம் குடும்பம் – கவின் பர்த்டே பேனர்

கவிதா: பேனர் டிசைன் போட்டிருக்கேன். கடைக்காரரு 6 மணிக்குள்ள ஓகே கேக்குறாரு

லட்சுமி அத்தை: சூப்பர்டா தங்கம் 🥰

பாபு: அயர்ன்மேனும் கேப்டனும் அடிச்சிக்கிறாங்க, நடுவுல கவின் சிரிக்கிறான்

சரவணன்: அக்கா அந்தப் படம் வேணாம். சிவில் வார்ங்கிற மார்வெல் காமிக்ஸ் அது

கவிதா: ஏன்டா

சரவணன்: 2006ல வந்தது, ஏழு இதழ். அதுல அயர்ன்மேன் டோனி டோனியாவே இல்ல. ஸ்டாம்ஃபர்ட்ங்கிற ஊர்ல சூப்பர்ஹீரோ சண்டையில வெடிச்சு அறுநூறு பேருக்கு மேல செத்துடறாங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க உட்பட. செத்த பையனோட அம்மா டோனி மூஞ்சியிலயே துப்புறாங்க. அந்த வேதனையில சூப்பர்ஹீரோங்க அரசாங்கத்துல பேரு பதியணும்ங்கிற சட்டத்துக்கு ஆதரவா நிக்கிறான், சரி. ஆனா மூணாவது இதழ் கடைசியிலயே, சூப்பர்ஹீரோ தோரோட முடிய வச்சு செஞ்ச நகல் சண்டைக்கு வந்துடுது. நாலாவதுல அது கேப்டன் பக்கம் இருந்த பில் ஃபாஸ்டரக் கொன்னுடுது. கூட இருந்தவங்கள அடைக்க வேற உலகத்துல ஜெயில் வேற. அந்த அம்மா முன்னாடி தலைகுனிஞ்சவன் இங்க எப்படி வந்தான்? நடுவுல ரெண்டு பக்கமாவது காட்ட வேணாமா?

லட்சுமி அத்தை: ஹால்ல ஏசி இருக்கா

கவிதா: ஃபேன்தான் அத்தை. திருப்பாதிரிப்புலியூர்ல அந்த வாடகைக்கு அதான் கெடச்சுது

பாபு: பிரியாணி யாரு? போன தடவ அரிசி வேகல

முருகேசன் சித்தப்பா: நான் சொன்ன ஆளுதான். கறி நல்லா இருந்துச்சே

பாபு: கறி நல்லாதான் இருந்துச்சு சித்தப்பா

சரவணன்: டோனி பக்கம் நிக்கிற ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஹீரோ ரீட் ரிச்சர்ட்ஸ் இன்னும் மோசம். ஏன் சட்டத்துக்கு ஆதரவுன்னா, காமிக்ஸ் எழுதுன ஒருத்தரு, கம்யூனிஸ்ட் வேட்டையாடுன அமெரிக்க விசாரணைக் குழுவ எதிர்த்து வாழ்க்கையத் தொலைச்ச ரீடோட மாமா கதைய சொல்றாரு. அடுத்து எழுத வந்தவரு, ரீட் கணக்குப் போட்டுப் பாத்தான், இல்லன்னா உலகமே அழிஞ்சிடும்ங்கிறாரு. ஒரே ஆளு, ஒரே முடிவு, ரெண்டு காரணம். ஸ்பைடர்மேன் பீட்டர் மட்டும்தான் நம்புற மாதிரி. டோனிய நம்பி எல்லார் முன்னாடியும் முகமூடியக் கழட்டுறான். அந்த ஜெயில நேர்ல பாத்தப்புறம்தான் மனசு மாறுறான். பாத்ததால மாறுறான், அதான் விஷயம்

பாபு: படத்துல நல்லாதான இருந்துச்சு

சரவணன்: 2016 படமா? அதுல அப்பா அம்மாவ கொன்னது கேப்டனோட ஃப்ரெண்டு பக்கின்னு டோனிக்குத் தெரிய வருது. அதுக்கப்புறம் அவன் அடிச்சா யாரு கேள்வி கேப்பா

அம்மா: மனுஷன் மாறவே மாட்டானா என்ன. பாகம் பிரிக்கும்போது எத்தன பேரு ஒரே நாள்ல மாறுனாங்க

லட்சுமி அத்தை: 🙊

முருகேசன் சித்தப்பா: அண்ணி நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்

முருகேசன் சித்தப்பா: ஒரே நாள்ல மாறல. 2011 டிசம்பர் தானே புயல்ல தேவனாம்பட்டினத்துல ஓடெல்லாம் பறந்து போச்சு. ஃபோன் போட்டேன். மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒருத்தர் வரல

அம்மா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சரவணன்: சித்தப்பா நைட்டு ஃபோன் பண்றேன்

கவிதா: 6 ஆச்சு!! கவின் ஸ்பைடர்மேன் கேக்குறான். கடைக்காரரு கிட்ட பெரிய சைஸ்ல கேப்டன் மட்டும்தான் இருக்காம்

சரவணன்: கேப்டன் தனியா இருந்தா போடு. சண்டை சீன் வேணாம்

கவிதா: கவின் அழறான். இரு பேசிட்டு சொல்றேன்

அம்மா: முருகேசு சனிக்கிழமையே வந்துடு. புள்ளைங்களயும் கூட்டிட்டு வா

முருகேசன் சித்தப்பா: பாக்குறேன் அண்ணி

பாபு: அப்ப பிரியாணி யாரு

லட்சுமி அத்தை: பாண்டிலேர்ந்து ரெண்டு டேபிள் ஃபேன் எடுத்துட்டு வரவா