தங்கை பள்ளியில் ஊக்கத்தொகையை எப்படிப் பிரிக்கலாம்?

ஈசூன் மலர்:
வணக்கம். என் தங்கை ஹூஸ்டனில் ஒரு சார்ட்டர் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். அரசுப் பணத்தில் நடந்தாலும் நிர்வாகம் தனி அமைப்பின் கையில் இருக்கும் பள்ளி. டெக்சஸ் மாநிலம் 2019இல் ஆசிரியர் ஊக்கநிதி ஒன்றைக் கொண்டுவந்தது. தொடங்கியபோது, சிறந்தவர் எனத் தகுதி பெறும் ஒவ்வோர் ஆசிரியருக்காகவும் ஆண்டுக்கு 3,000 முதல் 32,000 டாலர் வரை தருவதாகச் சட்டம். வசதி குறைந்த பிள்ளைகள் அதிகமென்றால் தொகை கூடும். இப்போது இவள் பள்ளியும் சேரப்போகிறது. பணத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று ஆசிரியர்களிடமே கருத்துக் கேட்கிறார்கள்.

தங்கைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் மனசு ஒப்பவில்லை. அவள் வகுப்பில் ஒரு பையனுக்குப் பின்னம் என்றாலே அழுகை வந்துவிடுமாம். சிறப்புக் கல்வி ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை மடித்து மடித்துக் காட்டியபிறகுதான் பிடிபட்டது. அவன் மதிப்பெண் ஏறினால் பெயர் என் தங்கைக்கு. பள்ளி போட்டிருக்கும் வரைவில் அந்த ஆசிரியை இல்லவே இல்லை. இது நியாயமா? அவள் என்ன எழுதிக் கொடுக்கலாம்?

தமிழாசிரியர் பிடோக்:
மலர், நான் இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். எங்களுக்கும் செயல்திறன் போனஸ் உண்டு. ஆனால் அது கல்வி அமைச்சின் பணம், பள்ளி முதல்வர் நிதி தேடி அலைய வேண்டியதில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தரம் போடுவதும் இல்லை. இணைப்பாட நடவடிக்கை, சக ஆசிரியருக்கு உதவுவது எல்லாம் சேரும். அப்படியும், ஒரே நிலையில் இருப்பவர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது உறுத்தத்தான் செய்கிறது. முன்பு நான் இருந்த பள்ளியில் அருமையான பயிற்சித்தாள் தயாரித்த ஒருவர், அதைப் பொதுக் கோப்பில் போடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். எனக்குப் பிடித்தது 2002இல் வந்த கனெக்ட் திட்டம். ஆண்டுதோறும் நம் பெயரில் ஒரு தொகையை ஒதுக்கி, சில ஆண்டுக்கு ஒருமுறை கையில் கொடுக்கிறார்கள்.

கவின் பொங்கோல்:
பணம் கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று மட்டும் தங்கை எழுத வேண்டாம். அமெரிக்காவின் நாஷ்வில்லில் 2006 முதல் மூன்று கல்வியாண்டுகள், கணக்கு ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை தருவதாகச் சொல்லிச் சோதித்தார்கள். மொத்தத்தில் மாணவர் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. நியூயார்க்கில் பள்ளிக்கே மொத்தமாக, ஆசிரியர் தலைக்கு 3,000 டாலர் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் பலனில்லை, 2011இல் கைவிட்டார்கள். வாஷிங்டன் டி.சி.யில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அங்கே போனஸோடு வேலை போகும் பயமும் சேர்ந்திருந்தது.

டென்வரில் 2019 பிப்ரவரியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறி இறங்கும் போனஸை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவது, அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. என் கட்சியும் அதுதான். முடியாது என்பவர்களுக்கு, மன்ஹாட்டனில் 2009இல் தொடங்கிய ஈக்விட்டி புராஜெக்ட் சார்ட்டர் பள்ளியைக் காட்டலாம். தொடங்கியபோது ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளம் 125,000 டாலர். சம்பளத்துக்கு நன்கொடை வாங்கவில்லை, மாணவர் தலைக்கு வரும் அரசுப் பணத்திலேயே சமாளித்தார்கள். நிர்வாகிகளைக் குறைத்து அந்த வேலைகளை ஆசிரியர்களே பகிர்ந்துகொண்டார்கள், வகுப்பும் சற்றுப் பெரியது. மேத்தமெட்டிகா நிறுவனத்தின் 2014 ஆய்வில் அந்தப் பிள்ளைகள் கணக்கில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள்.

சரி, உங்கள் தங்கை விஷயம். ஊக்கநிதியில் 90 விழுக்காடு, அந்த ஆசிரியர் வேலை பார்க்கும் பள்ளியிலேயே ஆசிரியர் ஊதியத்துக்குச் செலவாக வேண்டும் என்பதுதான் விதி. முழுவதும் தகுதி பெற்றவருக்கே என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அந்த ஆசிரியைக்குப் பங்கு கேட்க வழி இருக்கிறது.

ஈசூன் மலர்:
இதுதான் வேண்டும். மிக்க நன்றி சார், நன்றி கவின். பெரும் பங்கு தகுதி பெற்றவருக்கு, மீதி அதே வகுப்பில் கூட வேலை செய்தவர்களுக்கு, கணக்கைக் கல்வியாண்டு தொடங்கும் முன்பே எல்லாரிடமும் காட்டிவிட வேண்டும் என்று எழுதச் சொல்கிறேன். தகுதி பெற்றவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால்?

கவின் பொங்கோல்:
தகுதி ஐந்தாண்டு செல்லும். அவர் போகும் பள்ளிக்குப் பணமும் போய்விடும். கூட வேலை செய்தவர்களின் பங்கும் அதோடு நின்றுவிடும், அதனால் அதை மாதச் சம்பளத்தில் சேர்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லுங்கள்.