நாய் வண்டி வந்துபோன பிறகு: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து

பிடித்துக்கொண்டு போன நாயை மறுபடி அதே தெருவில் ஏன் விடுகிறார்கள் என்று பலர் கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

தெருமுனையில் கறிக்கடை. அதை ஒட்டிக் குப்பை கொட்டும் இடம். நாய்களுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு மாலை டியூஷன் முடித்து சைக்கிளில் வந்த பெண்ணை நாலைந்து நாய்கள் துரத்தின. கீழே விழுந்தவளின் கெண்டைக்காலில் ஒரு நாய் ஆழமாகக் கடித்துவிட்டது. ஒருவர் மஞ்சள்தூள் எடுத்து வந்தார், இன்னொருவர் சுண்ணாம்பு தடவலாம் என்றார். நல்லவேளையாக எதிர்வீட்டு அக்கா நர்ஸ். எல்லோரையும் விலக்கிவிட்டு, குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். அதன் பிறகுதான் ஆட்டோ. அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டார்கள். காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் (உடனடியாக நோய்க்கு எதிராக வேலை செய்யும் எதிர்ப்புப் புரதம்) ஊசியும் போட்டார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை.

தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம். வண்டி வந்தது, வலை போட்டுப் பிடித்தார்கள். சில நாள் கழித்து அதே வண்டியில் அதே நாய்கள் இறங்கியதும் பெரிய சண்டை. "இன்னாத்துக்குத் திருப்பி இட்டாந்து வுடற?" என்று பெரியவர் ஒருவர் வண்டியை மறித்துக்கொண்டார். வந்த ஊழியர் பொறுமையாகப் பதில் சொன்னார். 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆபரேஷன் ஆன நாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். வேறு இடத்தில் விட அவருக்கு அனுமதியே கிடையாது.

அன்றைக்கு யாருக்கும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரர்கள் செய்ததைப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவாகிவிட்டது. அவர்கள் தங்களுக்குள் காசு வசூலித்து ஆள் வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக நாய்களை ஏற்றிப் பாலாற்றங்கரையில் விட்டார்கள். கொஞ்ச நாள் தெரு காலியாக இருந்தது. ஆனால் குப்பை அங்கேயேதானே கிடந்தது? சோறு இருக்கும் இடம் தேடிப் புது நாய்கள் வந்தன. ஊசி போடாதவை, யாரோடும் பழகாதவை, ஓயாமல் சண்டை போடுபவை. அடுத்த பருவத்தில் குட்டிகளும் வந்துவிட்டன. எங்கள் தெருவில் காது வெட்டிய பழைய நாய்கள் புதியவற்றை உள்ளே விடவில்லை, குட்டியும் போடவில்லை. கறிக்கடைக்காரரும் கழிவை மூடிய டிரம்மில் போட்டுத் தினமும் அனுப்ப ஒத்துக்கொண்டார். துரத்தல் குறைந்ததற்கு அதுவும் பாதிக் காரணம் என்பேன்.

ஆனால் ஒரு தெருவில் மட்டும் இரண்டு நாயைப் பிடித்துவிட்டுப் போவதால் பயனில்லை. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே மனு கொடுக்கும்போது ஒரு தெருவுக்கு மட்டும் கொடுக்காமல் நாலு தெரு சேர்ந்து கொடுங்கள்.

காட்பாடியிலிருந்து

நான் நாய்களுக்குச் சோறு வைக்கிறவள். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், திட்டியவர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் கண்ட இடத்தில் உணவு வைக்கக்கூடாது, வார்டுக்கு வார்டு அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று சொன்ன பிறகு, பிள்ளைகள் நடமாடும் வழியை விட்டு ஒரு காலி மனையின் மூலைக்கு மாற்றிக்கொண்டேன். அதுவும் பள்ளி விட்டு எல்லோரும் வீடு சேர்ந்த பிறகுதான்.

சோறு வைப்பவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். வண்டிக்காரர்களின் வலையைக் கண்டதும் நாய்கள் ஓடிவிடும், ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை சிதறிவிடும். நான் கூப்பிட்டால் வரும். வாலாட்டிக்கொண்டு வந்த நாயைக் கையாலேயே தூக்கி ஏற்றினார்கள். எது ஆபரேஷன் ஆனது, எது புதிதாக வந்தது, எது சினையாக இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும்.

என் கவலை வேறு. அதே ஆண்டு நவம்பர் 7-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்கிறது. நோயாளிகள் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் ஊர் இது, அந்த இடங்களில் நாய் இருக்கக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அவற்றை வைத்துக் காப்பதற்குக் கூரை, தண்ணீர், தீனி, மருத்துவர் எல்லாம் வேண்டும். அதைக் கட்டாமல் பிடிக்க மட்டும் ஆரம்பித்தால் கடைசியில் பாலாற்றங்கரைதான் காப்பகம் ஆகும்.

பொய்கை பக்கமிருந்து

நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் உயிரைப் பறிப்பது மாடு.

மழைக்காலத்தில் தார் ரோடு சீக்கிரம் காய்ந்துவிடும், வெதுவெதுப்பாக இருக்கும், ஈயும் குறைவு. மாடுகள் அங்கே வந்து படுத்துக்கொள்ளும். என் மாமன் மகன் இரவு வேலை முடித்துச் சர்வீஸ் ரோட்டில் வந்தபோது கறுப்பு மாடு படுத்திருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. தோள் எலும்பு முறிந்தது. மாட்டுக்கும் கால் போயிற்று.

இது தெரு மாடு கிடையாது. சாயங்காலம் கறந்துவிட்டு அவிழ்த்து விட்ட மாடு. காதில் மஞ்சள் அடையாளத் தோடு, அதில் 12 இலக்க எண். கால்நடை மருந்தகத்தில் அந்த எண்ணைக் காட்டினால் யாருடையது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். விபத்து நடந்தால் முதலில் அந்தத் தோட்டைப் போட்டோ எடுங்கள். எடுக்காவிட்டால் விடிவதற்குள் மாடு "யாருடையதும் இல்லை" ஆகிவிடும்.

பவுண்டில் (பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டியில்) அடைத்தால் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்கிறார்கள், அடுத்த வாரம் மறுபடி அவிழ்த்து விடுகிறார்கள். எல்லோரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. கழனி வீட்டுமனையாகிவிட்டது, மேய்ச்சலுக்கு இடமில்லை, புல்லுக்கட்டு விலை அப்படி. ஆனாலும் பால் மட்டும் தன் வீட்டுக்கு, ஆபத்து ஊருக்கு என்பது ஒத்துக்கொள்ளக்கூடியது இல்லை. உச்ச நீதிமன்றத்தின் அந்த நவம்பர் உத்தரவில் நெடுஞ்சாலை மாடுகளை அகற்றச் சொன்னதும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதே இல்லை.

குடியாத்தத்திலிருந்து

எங்களுக்குக் குரங்கு. நகராட்சியில் மனு கொடுத்தால் வனத்துறைக்குப் போகச் சொன்னார்கள். அது சரிதான், குரங்கைப் பிடிப்பது அவர்கள் வேலை. நேராக வனச்சரக அலுவலகத்தில் கொடுத்தால் ஒரு நடை மிச்சம்.

மறுபடி சத்துவாச்சாரி

தடுப்பூசி எத்தனை என்று கேட்டவருக்கு: அந்தப் பெண்ணுக்குத் தோலுக்குள் போடும் முறையில் போட்டார்கள். முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் வரச் சொன்னார்கள். காயம் ஆறிவிட்டது என்று பலர் கடைசி ஊசிக்குப் போவதில்லை. தயவுசெய்து போய்விடுங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது. வளர்ப்பு நாய்க்குட்டி லேசாகக் கீறினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.