அவசரம்: எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) 20 நிமிஷம் ஓடி நின்னுடுது, ஆறினா ஸ்டார்ட் ஆகுது

பச்சை_பி | சனி, இரவு 9.50
வணக்கம். வண்டி காலையில ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆகுது, நல்லா ஓடுது. 20, 25 நிமிஷம் போனதும் இழுவை குறைஞ்சு, நாலு தடவை திக்கி, நின்னுடுது. ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்புது. பிளக் புதுசு, ஏர் ஃபில்டர் புதுசு. நாளைக்கு மதியம் 60 மைல் போகணும். எதை மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க ப்ளீஸ்.

வல்வை_ராசன் | 9.58
கண்டென்சர், பாயிண்ட்ஸ் கருகாமல் காக்கிற சின்ன உருளை. வேற ஒண்டும் யோசிக்க வேண்டாம். சூடேறினால் உள்ளுக்க ஷார்ட் ஆகும், ஆறினால் சரியாகும். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, காயிலுக்கான கரண்டைத் திறந்து மூடுற பாயிண்ட்ஸைப் பாருங்கோ. முகம் கருகி நீலம் பாய்ஞ்சு கிடந்தால் அதுதான். பாயிண்ட்ஸ் இடைவெளியை 0.015 இஞ்சிக்கு வையுங்கோ. இப்ப வாற கண்டென்சர் சிலது பெட்டியில இருந்து எடுக்கேக்கயே செத்துப்போய் இருக்கும், ஆனபடியால் ரெண்டு வாங்குங்கோ.

சோதனைவிளக்கு | 10.05
எந்த வருஷத்து வண்டி? குரோம் பம்பரா, ரப்பர் பம்பரா? பாயிண்ட்ஸா, எலக்ட்ரானிக்கா? கார்பரேட்டர் எது? பெட்ரோல் பம்ப் எஸ்யூ கம்பெனியுடையதுதானா, வேறு ஏதாவது மாட்டியிருக்கிறதா? எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று: வண்டி சாகும்போது, கியர் விழுந்தபடியே உருண்டு போகையில், எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறதா, வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்குகிறதா? சட்டென்று விழுந்தால் காயில் (தீப்பொறிக்கு வோல்டேஜை ஏற்றுவது), பாயிண்ட்ஸ், கண்டென்சர் பக்கம். மெல்ல இறங்கினால் பெட்ரோல், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் ஆர்ம், மூடி போன்ற ஹைடென்ஷன் (உயர் மின்னழுத்தப்) பக்கம்.

நாவலர்_1800 | 10.20
1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் இருந்து அஞ்சு லட்சத்துக்கு மேல் எம்ஜிபி வெளியே போயிருக்கிறது. இதில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது) உண்டு, நெகட்டிவ் எர்த் உண்டு, காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பலாஸ்ட் ஒயர் வைத்தது உண்டு, வைக்காதது உண்டு. "எதை மாத்தணும்" என்று கேட்டால் ஜோசியமா பார்ப்பது? பட்டறைக் கையேடு என்று ஒன்று இருக்கிறது, தம்பி. அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்தால் கேள்வியாவது உருப்படியாக இருக்கும்.

கார்ப்_காதர் | 10.31
எனக்கு இது வேப்பர் லாக், அதாவது சூட்டுல பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கிறது மாதிரிதான் தெரியுது. 2021 செப்டம்பரில் இருந்து பிரிட்டன்ல சாதா பெட்ரோலே ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால்) தானே. எத்தனால் கலந்தது சீக்கிரம் ஆவியாகும். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கிற ஹீட் ஷீல்டு இருக்கா, அதுல ஒட்டின இன்சுலேஷன் உதிர்ந்து போச்சான்னு பாருங்க. எத்தனால் குறைவான சூப்பர் ஈ5 போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.

சோதனைவிளக்கு | 10.40
காதர் பாய், ஈ5 போடுவது நல்லதுதான். பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் எத்தனால் அதை உப்பவைத்து உதிர்த்துவிடும், எத்தனால் தாங்கும் ஆர்9 ஹோஸ் மாட்டவேண்டும். ஆனால் இந்த நோய் அதுவாகத் தெரியவில்லை. எம்ஜிபியில் பம்ப் பின்னால், ஆக்ஸிலுக்கு அருகில் இருக்கிறது. குளிர்ந்த இடத்திலிருந்து அழுத்தித் தள்ளுகிறது, எஞ்சின் பக்கத்திலிருந்து உறிஞ்சவில்லை. சூட்டில் பெட்ரோல் கொதிப்பது பெரும்பாலும் வண்டியை நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் கழித்துக் கிளப்பும்போதுதான் தெரியும். இவருக்கு ஓடும்போது சாகிறது, நிறுத்தி வைத்தால் பிழைக்கிறது. நேர்த் தலைகீழ்.

பச்சை_பி | 11.02
சாரி, சொல்லியிருக்கணும். 1971 ரோட்ஸ்டர், குரோம் பம்பர், நெகட்டிவ் எர்த், ரெட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்பரேட்டர். பாயிண்ட்ஸ்தான். பம்ப் எஸ்யூ, பின்னாடி. முள் மெல்லத்தான் இறங்குச்சு, வேகம் குறையக் குறைய.

தீப்பொறி_ரவி | 11.10
பாயிண்ட்ஸையும் கண்டென்சரையும் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடுங்க. அரை மணி நேர வேலை, அப்புறம் ஆயுசுக்கும் தொடவேண்டாம்.

வல்வை_ராசன் | 11.17
தம்பி, பாயிண்ட்ஸ் பழுதானால் ரோட்டோரத்தில நெருப்புப்பெட்டி உரசுற தாளை மடிச்சு ரெண்டு தேய் தேய்ச்சு வீட்டுக்கு வந்திடலாம். மாட்யூல் செத்தால் லொறியிலதான் வரவேணும். எஞ்சின் ஓடாமல் இக்னிஷனைப் போட்டு மறந்தாலே அதில சிலது எரிஞ்சுபோகும்.

தீப்பொறி_ரவி | 11.21
இக்னிஷனைப் போட்டு மறந்தா காயிலும்தான் வேகும் அண்ணா. பாயிண்ட்ஸ் மூடின நிலையில நின்னா கரண்ட் நிக்காம ஓடும்ல?

வல்வை_ராசன் | 11.24
காயில் சூடாகி ஆறும். மாட்யூல் ஆறாது.

நாவலர்_1800 | 11.30
இருவருமே காயிலைப் பார்க்கச் சொல்லவில்லை. 1971 வண்டிக்குப் பலாஸ்ட் கிடையாது. பிரைமரியில் 3 ஓம் ஒட்டி இருக்கவேண்டும். ரப்பர் பம்பர் வண்டிக்கு வந்த 1.5 ஓம் காயிலை யாராவது மாட்டியிருந்தால் இரண்டு மடங்கு கரண்ட் இழுத்து, சூடேறி, பாயிண்ட்ஸையும் தின்றுவிடும். மல்ட்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு அளக்கவும். மாட்யூல் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

சோதனைவிளக்கு | 11.48
காயிலை அளப்பது நல்லது. ஆனால் முள் மெல்ல இறங்கியது என்கிறார், சாகுமுன் இழுவை குறைந்து திக்கியது என்கிறார். முதலில் பெட்ரோலைப் பார்ப்போம். எஸ்யூ பம்ப் என்ன நோய் என்று தானே சொல்லும், காது கொடுத்தால் போதும். அதில் சோலினாய்டு (மின்காந்தம்) டயாஃப்ரத்தை (சவ்வை) இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். அதனால்:

நிற்காமல் வேகமாக டிக்டிக்டிக் என்றால் டேங்க் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. மெல்லமாக, விட்டுவிட்டு டிக் என்றால் சரி. சத்தமே இல்லை, பம்பைத் தொட்டால் சூடாக இல்லை என்றால் முன்பக்கம் அடைப்பு, ஸ்பிரிங்கால் தள்ள முடியவில்லை; அல்லது பம்புக்குக் கரண்டே வரவில்லை. சத்தமே இல்லை, ஆனால் தொட்டால் சுடுகிறது என்றால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. சோலினாய்டு பாதியில் மாட்டிக்கொண்டு, பம்புக்குள் இருக்கும் பாயிண்ட்ஸ் மூடியபடி, கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்படி அடிக்கடி நின்றால் பம்பின் உள்காயில் வெந்துபோகும்.

நாளைக் காலை செய்யவேண்டியது: காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை ஒயரைக் கழற்றுங்கள், காயில் வேகாது. கார்பரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, இக்னிஷனைப் போடுங்கள். நிமிஷத்துக்குக் குறைந்தது ஒரு பைண்ட், அதாவது 568 மிலி வரவேண்டும். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான் வேண்டும், யாரும் பீடி பிடிக்கக்கூடாது.

அது சரியாக வந்தால் ஓட்டிப் போங்கள். நின்ற உடனே, வேறு எதையும் தொடுமுன், டேங்க் மூடியைத் திறந்து காது வையுங்கள்.

கார்ப்_காதர் | ஞாயிறு, காலை 7.15
கார்புக்குள்ள பெட்ரோல் வரவை நிறுத்துற ஃப்ளோட் பௌல் நீடில் வால்வையும் பாருங்க. ரெண்டு கார்பும் ஒரே நேரத்துல சாகுதுன்னா ரெண்டு நீடிலும் ஒரே நேரத்துல மாட்டாதுதான், இருந்தாலும்.

பச்சை_பி | 10.40
ஜாடியில நிமிஷத்துக்கு ஒன்றரை பைண்ட் வந்துச்சு. ஓட்டினேன், 18வது நிமிஷத்துல நின்னுச்சு. பம்ப் சத்தம் இல்ல, கை வைக்க முடியல, சூடு. மூடியைத் திறந்தேன், "ஸ்ஸ்ஸ்"னு காத்து உள்ளே போச்சு, உடனே பம்ப் டக் டக்னு அடிக்க ஆரம்பிச்சுடுச்சு!! போன மாசம்தான் பூட்டு வச்ச மூடி புதுசா போட்டேன். அதுவா?

வல்வை_ராசன் | 10.44
உந்த விசயத்தை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி!

சோதனைவிளக்கு | 10.52
அதுதான். உங்கள் வண்டிக்குக் காற்றுத் துளை உள்ள மூடி வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். ஆவியைக் கரி டப்பாவுக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ள வண்டிகளுக்குத் துளையில்லாத மூடி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் உங்கள் டேங்கின் கழுத்தில் பொருந்தும்.

ஒரு கேள்வி: அண்மையில் டேங்கை நிரப்பினீர்களா? மணிக்கு 50 மைலில், கேலனுக்கு 25 மைல் என்று வைத்தால், 20 நிமிஷத்தில் 3 லிட்டர் போகும். 12 கேலன் டேங்க் நிறைந்திருந்தால் மேலே இருக்கும் கொஞ்சக் காற்றிலிருந்து 3 லிட்டர் இடம் விரியவேண்டும், வெற்றிடம் சீக்கிரம் ஏறும். பாதி காலியான டேங்கில் இதே மூடியோடு வெகுதூரம் போகலாம், தெரியவே தெரியாது. ஜாடிச் சோதனையில் பம்ப் தேறியதும் அதனால்தான், ஒரு நிமிஷத்தில் வெற்றிடம் உண்டாகவில்லை. பத்து நிமிஷத்தில் மூடியின் ரப்பர் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போக, வண்டி பிழைத்தது.

பச்சை_பி | 10.55
ஆமா வெள்ளிக்கிழமை ஃபுல் பண்ணேன். மூடில 2 மிமீ ஓட்டை போட்டுடவா? பழைய மூடி குப்பைக்குப் போயிடுச்சு.

தீப்பொறி_ரவி | 10.57
போடுங்க, போதும்.

நாவலர்_1800 | 11.03
போடவேண்டாம். நிறைந்த டேங்கோடு வளைவில் திரும்பினால் அந்த ஓட்டை வழியே பெட்ரோல் பின்பக்கப் பெயிண்ட்மேல் வழியும். கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது. சரியான மூடியில் துளைக்குப் பின்னால் தடுப்பு இருக்கும். இன்றைக்கு 60 மைல் போயே ஆகவேண்டுமென்றால் கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி மூடியைத் திறந்து மூடவும். சிரமம்தான். கடைக்குச் சொல்லும்போது "1971, ஆவி மீட்பு இல்லாதது, காற்றோட்டம் உள்ள மூடி" என்று சொல்லவும்.

சோதனைவிளக்கு | 11.10
நாவலர் சொல்வது சரி. இன்னொன்று: பம்ப் இத்தனை முறை சூடேறி நின்றிருப்பதால் அதன் பாயிண்ட்ஸையும் பாருங்கள். பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, பம்பின் கறுப்பு மூடியை எடுத்தால் தெரியும். குழி விழுந்திருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்துவிடலாம், பெரிதாகக் கருகியிருந்தால் மாற்றவேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சோதனைவிளக்கு | புதன், மாலை 6.20
பச்சை_பி, பம்ப் பாயிண்ட்ஸ் பார்த்தீர்களா?

மஞ்சள்_மிட்ஜெட் | வெள்ளி, இரவு 8.05
எனக்கும் அதே பிரச்சினை, மூடியைத் திறந்தா சத்தம் எதுவும் வரல. என்னவா இருக்கும்?

நாவலர்_1800 | 8.12
எந்த வருஷம்?

வல்வை_ராசன் | 8.13
கண்டென்சர்.