ஃபிளிப் பழகும்போது குறுக்கே வந்து போன ஆட்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஈஸ்ட்கோஸ்ட்_கூஃபி

சிங்கப்பூர், ஈஸ்ட் கோஸ்ட் பார்க். ட்ரே ஃபிளிப், அதாவது ஸ்கேட்போர்டு காற்றில் நீளவாக்கில் ஒரு முறை புரண்டு, கூடவே தட்டையாக ஒரு முழுச் சுற்றும் சுற்றுவது, இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் போர்டு புரள்வது முழுசாகப் புரளும், சுற்றுவது மட்டும் முக்கால் சுற்றோடு நின்றுவிடும். முன்கால் மேலே ஏறும், பின்கால் தரையில். மாதக்கணக்கில் இதே கதை. அன்றைக்குப் பவுல் (குழிவான ஸ்கேட் தொட்டி) பக்கமிருந்து ஒரு மலாய் அண்ணன் வந்தார், நாற்பது வயதைத் தாண்டியிருக்கும், டெயில் (பின்முனை) தேய்ந்து கூராகிப்போன டெக் (பலகை). ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பக்கத்தில் வந்து, என் வலது தோளுக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டி, "தோள் என் கையில் படக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். நான் மெதுவாக உருண்டு போக, கையை எடுக்காமல் கூடவே நடந்தார்.

தோளைத் திறக்காமல் வைத்ததும் பின்கால் தனியாக வேலை செய்தது. கீழே பார்க்கிறேன், போர்டு சுற்றி முடித்து பலகை மேல் ஒட்டிய சொரசொரப்பான கிரிப் டேப் கறுப்பாக மேலே திரும்புகிறது, முன்கால் தானாகப் போய் அதை அமுக்கியது. அந்தக் கறுப்பு தெரிந்த கணம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உடனே மழை. இங்கே மழை எப்படி வரும் என்று தெரியும்தானே. நனைந்தால் பேரிங் போச்சு, மரம் ஊறிப் பாப் (அடித்தால் எகிறும் தன்மை) செத்துவிடும், எல்லோரும் போர்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினோம். ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். பெயர்கூடத் தெரியாது. அது இன்றுவரை உறுத்துகிறது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், எழுதுங்கள்.

தேம்ஸ்கரை

என்னுடையது ட்ரே இல்லை, சாதாரணக் கிக்ஃபிளிப் (சுற்றாமல் புரள்வது மட்டும்), ஆனால் இடம் லண்டன் சவுத்பேங்க். குவீன் எலிசபெத் ஹாலுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே இருக்கும் அந்த இடம். 1970களிலிருந்து அங்கே ஸ்கேட் செய்கிறார்கள், 2013-இல் அதைக் கடைகளாக மாற்றப் பார்த்தார்கள், அடுத்த வருடமே மக்கள் போராடித் தக்கவைத்துவிட்டார்கள், மூடிக் கிடந்த ஒரு பகுதிகூட 2019-இல் திரும்பத் திறந்தது. இதெல்லாம் தெரிந்த எனக்கு அங்கே கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. ஓரமாக, சுவரைப் பார்த்தபடி பழகுவேன். யாரும் என்னைக் கவனிப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சாயங்காலம் சக்கர அச்சைப் பூட்டிய போல்ட் மேலேயே இரண்டு காலும் இறங்கியது, தள்ளாடாமல் உருண்டு போனேன். பின்னால் டக் டக் என்று சத்தம். திரும்பினால், அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் போர்டை நிமிர்த்திப் பிடித்து டெயிலைத் தரையில் தட்டுகிறார்கள். பாங்க் (சாய்தளம்) மேலே நின்றவர்களும் தட்டுகிறார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது, ஒருவரோடும் அதுவரை பேசியதில்லை. இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்! அந்தக் கான்கிரீட் கூரைக்கு அடியில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

போல்ட்ஸ்_மட்டும்

பெங்களூரில் ஒரு பையன் என் போர்டை வாங்கி, ஷூ லேஸ்கூடக் கட்டாமல் ட்ரே அடித்துவிட்டு, "அண்ணா, நீங்க ரொம்ப உதைக்கிறீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் அவன் சொன்னதில் உள்ள விஷயத்தை முழுசாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதல் பதிவில் தோளோடு நிறுத்திவிட்டார்கள்.

போர்டு கிட்டத்தட்ட 80 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். நீளவாக்கில் அச்சு வைத்துப் புரட்டுவது மிகச் சுலபம், ஏனென்றால் எடை எல்லாம் அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தட்டையாக ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்கு அதைவிடப் பல மடங்கு விசை கொடுக்க வேண்டும், ஏனென்றால் நோஸும் (முன்முனை) டெயிலும் டிரக்கும் (சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பாகம்) தூரத்தில் இருக்கின்றன. நேரமோ கிடையாது. உடம்பு ஒரு அடி எழும்பினால் காற்றில் இருப்பது மொத்தமே அரை வினாடி. ஆக, ட்ரேயில் பின்கால்தான் எல்லாம். பின்காலின் விரல்கள் டெயிலின் விளிம்பில், டெக்கோடு சேரும் அந்தப் பள்ளத்தில் இருக்கட்டும், குதிகால் வெளியே தொங்கட்டும். நேராகக் கீழே அடிக்காமல், அடித்த கையோடு முதுகுப் பக்கமாக வழித்து இழுக்க வேண்டும். முன்கால் டிரக் போல்டுக்குக் கொஞ்சம் பின்னால், சாய்வாக. அந்தக் கால் உதைக்கவே கூடாது, காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுவது போல ஒரு தட்டு, உடனே மேலே தூக்கி வழி விட வேண்டும். உதைத்தால் போர்டு எட்டிப் போய் விழும், பின்னால் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

வரிசையும் முக்கியம். முதலில் ஷவ்-இட் (புரளாமல் தட்டையாக அரைச் சுற்று), அப்புறம் கிக்ஃபிளிப், இரண்டையும் சேர்த்து வேரியல் ஃபிளிப், அது தூக்கத்தில்கூட வரும் நிலைக்கு வந்த பிறகுதான் ட்ரே. இடையில் தாவக் கூடாது. நின்ற இடத்தில், புல்லிலோ தரை விரிசலில் சக்கரத்தைச் செருகியோ பழகிவிட்டு, அதற்குப் பிறகு உருளலாம். தொடங்குபவர்கள் 7.75 அங்குல அகல டெக் வாங்கினால் வேகமாகப் புரளும்.

ஸ்கார்பரோ_பெடியன்

மேலே உள்ள அண்ணை கோவிக்கக் கூடாது, பின்கால் கதை சரி, ஆனால் வேரியலை முதலில் பழகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேரியலுக்குக் கால் பழகிவிட்டால் பாதிச் சுற்றோடு நிறுத்துகிற பழக்கம் ஊறிவிடும், பிறகு அதை உடைக்கிறதே பெரிய வேலை. 360 ஷவ்-இட்டை (புரளாமல் முழுச் சுற்று) நன்றாகப் பழகுங்கள், முன்கால் சும்மா மேலே எழும்பட்டும், அது ஒழுங்காக வந்தால் தட்டு ஒன்றுதான் பாக்கி. நின்ற இடத்தில் பழகுகிறதும் வேண்டாம். உருளும்போது எடை இருக்கும் இடமே வேறு, நின்று பழகினவன் உருளத் தொடங்கினால் முதலிலிருந்து பழக வேண்டும்.

என்ர கதை டொரோண்டோ குளிர்காலம். ஆஷ்பிரிட்ஜஸ் பே ஸ்கேட் பார்க் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும், ஆகவே நிலத்தடிக் கார் தரிப்பிடம்தான் எங்களுக்குக் கதி. தரை வழவழ என்றிருக்கும், காவலாளி வருமட்டும்தான் நேரம். ஒரு இரவு நான் தனிய. டார்ச் வெளிச்சம் வந்தது, போர்டைத் தூக்கினேன். வந்தவர் எங்கட ஊர்ப் பெரியவர், குரலிலேயே தெரிந்தது. "தம்பி, எவ்வளவு நேரமாய் இது பிழைக்குது?" என்று கேட்டார். கனநேரம் என்றேன். டார்ச்சை அணைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தார். "சரி, ஒண்டு ஒழுங்காய் விழுத்திப்போட்டுப் போ. நான் நிக்கிறன்."

அவர் நின்றார். குளிரில் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை போர்டு தரையில் அடிபடும்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, போகச் சொல்லாமல் நின்றார். விழுத்தினேன். "இப்ப போ, அம்மா தேடுவா" என்றார். அடுத்த கிழமை வேறு ஒருவர் காவலுக்கு நின்றார், அதற்கடுத்த கிழமையும் அவர் இல்லை. அங்கே கமரா இருக்கிறது. என்னால் அவருக்கு வேலைக்கு ஏதும் பிரச்சினை வந்ததோ என்று இப்பவும் யோசிப்பேன்.

அசோக்நகர்_கிரிப்

அந்தப் பெரியவரைப் படித்ததும் எனக்கு எங்கள் தெருமுனைச் செருப்பு தைக்கும் தாத்தா நினைவுக்கு வந்தார். சென்னையில் ஸ்கேட் ஷூ விலை உங்களுக்கே தெரியும், கிக்ஃபிளிப் பழகினால் முன்கால் ஷூ சீக்கிரமே ஓட்டையாகிவிடும். ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்துத் தரச் சொன்னேன். அவர் தைக்கவில்லை. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் காலை எதுல தேய்க்கிற?" என்றார். போர்டைக் காட்டினேன், கிரிப் டேப்பை விரலால் தடவிப் பார்த்தார், உப்புத்தாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எப்படித் தேய்ப்பேன் என்று செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். "நீ சுண்டுவிரல்ல தட்டுறேன்னு சொல்ற. தேஞ்சிருக்கிறது காலோட நடுப்பக்கம். விரல் போய்ச் சேரவே இல்லையே."

நான் பார்த்த வீடியோ எதுவும் சொல்லாதது இது. நோஸின் மூலை வரை கால் போகாமல் பாதி வழியிலேயே விலகிக்கொண்டிருந்தது, அதனால்தான் போர்டு சோம்பலாகப் புரண்டு பக்கவாட்டில் நின்றது. அவர் தோல் துண்டைச் சுண்டுவிரலுக்கு நேராக வைத்து மெழுகு நூலால் தைத்தார். "இனிமே இங்க தேயணும்" என்று விரலால் ஒரு தட்டு. அதே இடத்தில் தேய்ந்த பிறகு ஷூவை எடுத்துப் போய்க் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவர் செருப்பை எடுத்துக்கொண்டார்.

போல்ட்ஸ் அண்ணன் கவனத்துக்கு: 7.75 எல்லோருக்கும் ஒத்துவராது. என் கால் பெரிசு, 8.25-இல்தான் இறங்கும்போது நிற்கிறது. மெதுவாகப் புரண்டாலும் காலுக்கு இடம் இருக்கிறது.

கடலோர_அக்கா

எல்லோரும் கால், தோள், அங்குலம் என்று பேசுகிறீர்கள். பயத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எனக்குத் தடையாக இருந்தது அது ஒன்றுதான். மாமல்லபுரத்தில் ஹீல்ஃபிளிப் (குதிகாலால் தட்டி எதிர்ப்பக்கம் புரட்டுவது) பழகினேன். போர்டு அழகாகப் புரண்டு கீழே வரும், முன்கால் ஏறும், பின்கால் மட்டும் ஒவ்வொரு தடவையும் தரைக்கு ஓடும். வயது கூடக்கூட உடம்புக்கு விழப் பிடிக்காது.

அங்கே சர்ஃப் பண்ணும் குட்டிப் பிள்ளைகள் ஸ்கேட்டும் பண்ணுவார்கள், வெறுங்காலோடு. தலையெல்லாம் உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட ஒரு சின்னப் பெண் வந்து நின்று பார்த்தாள். "அக்கா, உங்க முன்கால் வருது. பின்கால்தான் பயப்படுது. அதுகிட்ட சொல்லுங்க." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என் இடுப்பு உயரம். நான் விழுந்தால் அவளால் தாங்கவே முடியாது, அது அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தாள். நான் இரண்டு காலையும் வைத்தேன். விழுந்தேன்தான், முழங்கை சிராய்த்தது, ஆனால் இரண்டு காலும் போர்டில் இருந்து விழுந்தேன். அவள் குதித்தாள்.

மணிக்கட்டுக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தயவு செய்து. கையை ஊன்றாமல் உருண்டு விழவும் பழகுங்கள்.

போல்ட்ஸ்_மட்டும்

பெடியன் தம்பி, ஊறிப்போகும் என்பதெல்லாம் நீங்கள் பழகிய விதத்தைப் பொறுத்தது. வேரியலில் கிடைக்கும் கேட்ச் (காற்றிலேயே போர்டைக் காலால் பிடிப்பது) 360 ஷவ்-இட்டில் கிடைக்காது. நின்று பழகுவதை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன், மெதுவாக உருளலாம். அக்கா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூத்தோ ஹொரிகோமே வரிசையாக விழுந்துவிட்டுக் கடைசி முயற்சியில் 97.08 புள்ளி வாங்கித் தங்கத்தைத் தக்கவைத்தார். அந்த நிலையிலும் இரண்டு காலையும் வைத்தார் பாருங்கள்.

ஸ்கார்பரோ_பெடியன்

கேட்ச் முன்காலில் வரும் அண்ணை, ஈஸ்ட்கோஸ்ட் அண்ணை எழுதினதைத் திரும்ப வாசியுங்கோ, கிரிப் தெரிந்ததும் அமுக்கினார். அந்தக் காலத்து ஸ்கேட்டர் ஜேசன் லீயின்ர பழைய ட்ரேயைப் போட்டுப் பாருங்கோ, முன்கால் எவ்வளவு நேரம் மேலேயே நிற்குது என்று. அதைப் பார்த்துவிட்டு வந்து கதையுங்கோ.

ஈஸ்ட்கோஸ்ட்_கூஃபி

சண்டை போடாமல் பேசுங்கள். நான் வேரியல் பழகாமலேதான் ட்ரேக்கு வந்தேன், இப்போது வேரியல் போட்டால் எனக்கு அதிகமாகச் சுற்றிவிடுகிறது, ஆக இரண்டு பேர் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது. செருப்பு தைக்கும் தாத்தா சொன்னதைப் படித்ததும் என் ஷூவை எடுத்துப் பார்த்தேன், எனக்கும் நடுப்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. ட்ரேக்கு அது சரியா, இல்லை அங்கேயும் சுண்டுவிரல் பக்கம்தான் தேய வேண்டுமா? ட்ரே நிலையாக வருகிறவர்கள் உங்கள் முன்கால் ஷூவைப் பார்த்துச் சொல்லுங்கள்.